கஸ்டம்ஸ்காரியின் தங்கை

அசூல்
மே 12, 1988

நொயேமி,

ஞாயிற்றுக்கிழமை போன் வரவில்லையே என்று தேடாதே. இனி வராது.

நேற்று மதியம் இங்கே நல்ல மழை. கடையில் ஒரு பட்டன்கூட விற்கவில்லை. செலியாவும் பேக்கரிக்காரர் மனைவியும் கம்பளி நூல் பார்க்கிற சாக்கில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். மாத்தே தேநீர்க் குடுவை கை மாறிக்கொண்டிருந்தது. ரேடியோவில் உன் மனநல டாக்டர் கலார்சாவின் நிகழ்ச்சி. சத்தத்தைக் கூட்டியது நான்தான். “என் தங்கச்சி வாரா வாரம் இவங்ககிட்டதான் போறா, தெரியுமில்ல?” என்று பெருமை வேறு.

டாக்டர் ஒரு கதை சொன்னாள். அவளிடம் ஒரு பெண் வருகிறாளாம். லூயிசா என்று பெயர் வைத்துக்கொள்வோம் என்றாள். லூயிசாவுக்கு வெளியூரில் ஓர் அக்கா. தங்கையின் வாழ்க்கைக்குள் எது வந்தாலும் அந்த அக்கா பெட்டியைத் திறந்து பார்த்து முத்திரை குத்தினால்தான் உள்ளே வர முடியுமாம். “நாங்க ரெண்டு பேரும் அவளுக்கு ஒரு பேர் வச்சிருக்கோம், கஸ்டம்ஸ்காரி” என்றாள். மூன்று பேரும் சிரித்தோம்.

அக்கா ஞாயிறு பூசை முடிந்ததும் போன் பண்ணுவாளாம். லூயிசா ரிசீவரை மேசைமேல் படுக்க வைத்துவிட்டு இஸ்திரி போடுவாளாம். அவ்வப்போது குனிந்து “ஆமாக்கா” என்பாளாம். ஒருநாள் நடுவில் போய்க் குளித்துவிட்டே வந்தாளாம், அக்கா இன்னும் பேசிக்கொண்டிருந்தாளாம். பேக்கரிக்காரர் மனைவிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கும்தான்.

செலியா சிரிப்பதை நிறுத்தினாள். குடுவையைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். நான் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தேன், நொயேமி. கோட்டு விஷயம் வரும்வரை சிரித்தேன்.

லூயிசா பதினேழு வயதில் டான்ஸுக்குக் கிளம்பினபோது, அவள் கோட்டில் இருந்த பட்டனை எல்லாம் அக்கா கத்தரித்து எடுத்துவிட்டாளாம்.

அது உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தது. அப்பாவுக்குக்கூடத் தெரியாது. மாத்தேவுக்கு வைத்திருந்த வெந்நீரை முழுக்க நூல்கண்டுகள் மேல் ஊற்றிவிட்டேன். “வேற யாராவதா இருக்கும், எல்வீரா. ஊர்ல அக்காக்களுக்கா பஞ்சம்?” என்றாள் செலியா. அவள் அதைச் சொன்ன விதத்தை என்னால் தாங்க முடியவில்லை.

வேறு யாரோ என்று நீ எழுது. நம்பிவிடுகிறேன்.

எல்வீரா


புவெனஸ் அயர்ஸ்
மே 18

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை லிஃப்டில் நின்றபடியே படித்தேன். எங்கள் மாடியைத் தாண்டி மேலே போய், யாரோ கூப்பிட்டுக் கீழே வந்து, மறுபடி மேலே போய்விட்டேன். கதவைத் திறந்து வெளியே வரத் தோன்றவில்லை.

வேறு யாரோ என்று எழுத முடியவில்லை, அக்கா. அது நான்தான்.

ஆனால் நான் அதை யாரிடமும் போய்ச் சொல்லவில்லை. அந்த நீளச் சோபாவில் படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்துச் சொன்னேன். டாக்டர் என் தலைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார், முகம் தெரியாது. இங்கே சொல்வது இந்த அறையைத் தாண்டாது என்று முதல் நாளே சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் மூன்று வருஷமாக வாயைத் திறந்தேன்.

அந்த நேரத்தில் நான் பள்ளி அலுவலகத்தில் இருப்பேன். நிகழ்ச்சியை ஒருநாளும் கேட்டதில்லை. ராமிரோவிடம் உன் கடிதத்தைக் காட்டினேன். அவர் ஓட்டுகிற பஸ்ஸில் அது தினமும் ஓடுமாம். “கஸ்டம்ஸ்காரி கதையா? அது ஒரு மாசமா வருதே. பாசஞ்சர் எல்லாம் விழுந்து விழுந்து சிரிப்பாங்க” என்றார். பிறகு அவர் முகம் மாறியது. “அப்ப, அந்த லூயிசாவோட புருஷன்…” என்று இழுத்தார். அவரைப் பற்றியும் நான் அங்கே என்னவெல்லாமோ சொல்லியிருக்கிறேன். ராத்திரி சாப்பிடாமலே படுத்துவிட்டார்.

போனை மேசைமேல் வைத்தது உண்மை. மறுக்கவில்லை. “அக்கா, கொஞ்சம் நிறுத்து” என்று உன்னிடம் நேராகச் சொல்லும் தைரியம் வரவேண்டும் என்றுதான் அங்கே போக ஆரம்பித்தேன். அது உனக்கு இப்படித் தெரியவேண்டும் என்று கனவிலும் நினைக்கவில்லை.

வியாழக்கிழமை போய்க் கேட்கிறேன். நீ அவருக்கு எதுவும் எழுதிவிடாதே.

நொயேமி


அசூல்
மே 23

நொயேமி,

ஒரு மாசமாகவா! நான் ஒருநாள்தான் கேட்டேன். மற்ற நாளெல்லாம் என்ன சொன்னாள் என்று செலியாவிடம் கேட்கக்கூட வெட்கமாக இருக்கிறது.

அன்றைக்கு உன்னை டான்ஸுக்குக் கூப்பிட்ட அந்த லாரிக்காரனுக்குப் பக்கத்து ஊர் ஒலவாரியாவில் பெண்டாட்டியும் கைக்குழந்தையும் இருந்தார்கள். சொன்னால் அழுவாய் என்று பட்டனை வெட்டினேன். இன்றைக்கும் வெட்டுவேன். உன் டாக்டர் அதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கஸ்டம்ஸ்காரி கேள்வி என்றே வைத்துக்கொள். உனக்கு இஸ்திரிப் பெட்டி என்றாலே ஆகாது. பள்ளிக்கு நைலான் அங்கி போட்டுக்கொள்கிறாய். ராமிரோவின் யூனிஃபார்மைப் பஸ் கம்பெனியே துவைத்துத் தருகிறது. பிள்ளை குட்டி இல்லை. அப்படியிருக்க, ஞாயிறுக்கு ஞாயிறு ஒரு மணிநேரம் யாருடைய துணிக்கு இஸ்திரி போட்டாய்?

எல்வீரா


புவெனஸ் அயர்ஸ்
ஜூன் 4

அக்கா,

முதல் வியாழன் கேட்க வாய் வரவில்லை. இந்த வியாழன் கேட்டுவிட்டேன். படுத்த உடனே, மூச்சு விடாமல் கேட்டேன்.

“டாக்டர், ரேடியோல நீங்க சொல்ற லூயிசா நான்தானே?”

பின்னால் பேனா நின்றது.

“யாரு சொன்னா?”

“எங்க அக்கா.”

“பாத்தியா, இதையும் கஸ்டம்ஸ்காரி பிரிச்சுப் பாத்துட்டா!”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபமாகப் போனவள், படுத்துக்கொண்டு சிரித்தேன். நினைத்தால் இப்போதும் நம்ப முடியவில்லை.

“நாடு பூரா கேட்டாங்க. யாராவது உன்னை அடையாளம் கண்டாங்களா? கண்டது ஒரே ஒருத்தி. ஏன்னு யோசி” என்றார்.

“எனக்குக் கோபமா இருக்கு டாக்டர்.”

“இருக்கும். ஆனா அது உன் கோபம் இல்ல. உங்க அக்கா பார்சல் கட்டி அனுப்பியிருக்கா. நீ தூக்கிட்டு வந்து என் சோபாவுல இறக்கி வைக்கிற.”

யோசித்துப் பார்த்தால் சரியாகத்தான் இருந்தது. அங்கே எதைச் சொன்னாலும் அப்படித்தான். நான் போய்ச் சேரும் முன்பே பதில் அங்கே போய் உட்கார்ந்திருக்கும். கிளம்பும்போது நான்தான் மன்னிப்புக் கேட்டேன். அவர் தோளைத் தட்டி, “பரவாயில்ல, இதுவும் ஒரு முன்னேற்றம்தான்” என்றார்.

நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். அந்தத் துணி டாக்டருடையது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் அவருடைய பட்டுச் சட்டையில் காபி கொட்டிவிட்டது. யாரோ முக்கியமானவர் வரப்போகிறார் என்று பதறினார். நானே கழுவி, அங்கேயே காயவைத்து, இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். அன்றைக்குத்தான் என்னை முதன்முதலாக ‘நீ’ என்றார். அதுவரை ‘நீங்க, வாங்க’தான். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? பிறகு வாரம் ஒரு பை துணி. வேறு யார் கையையும் நம்ப மாட்டாராம். கூலி என்று பேசினால் எங்களுக்குள் இருக்கிற நம்பிக்கை கெட்டுவிடும் என்றார். இஸ்திரியை ரேடியோவில் சொன்னவர் துணி யாருடையது என்பதை மட்டும் விட்டுவிட்டார். நீ கேட்ட பிறகுதான் அது எனக்கு உறைத்தது.

அதையும் அவரிடம் சொன்னேன். நோட்டை மூடும் சத்தம் கேட்டது. பிறகு, “ஆறு மாசம் அக்காவோட பேச்சே வேண்டாம். கடிதம் வந்தாலும் பிரிக்காத” என்றார்.

ராமிரோ வீட்டில் கத்துகிறார். அவரும் நீ முத்திரை குத்தி அனுப்பிய ஆள்தானே, அப்படித்தான் பேசுவார் என்கிறார் டாக்டர்.

இதுதான் கடைசிக் கடிதம், அக்கா. எழுதாதே. எழுதினாலும் படிக்க மாட்டேன்.

நொயேமி


அசூல்
ஆகஸ்ட் 21

நொயேமி,

எழுதாதே என்று நீ சொன்ன பிறகு இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டுக்கும் பதில் இல்லை. திரும்பி வரவும் இல்லை. அதனால் உன் வீட்டில் ஏதோ ஒரு டிராயரில் கிடக்கின்றன என்று வைத்துக்கொள்கிறேன்.

இதில் சண்டை கிடையாது. செப்டம்பர் எட்டாம் தேதி, மதியம், இங்கே ஆசுபத்திரியில் என் கர்ப்பப்பையை எடுக்கப்போகிறார்கள். உள்ளே ஒரு கட்டி. எலுமிச்சை அளவு என்றார் முதல் டாக்டர். ஆரஞ்சு என்றார் இரண்டாமவர். “பழக்கடைக்காரரையும் ஒருதரம் கேட்டுடலாமா?” என்றேன். இருவருமே சிரிக்கவில்லை. அதில்தான் எனக்கு விஷயம் புரிந்தது. கெட்ட கட்டியா இல்லையா என்று திறந்து பார்த்தால்தான் தெரியுமாம்.

வா என்று எழுத மாட்டேன். எழுதினால் அதற்கும் ஒரு பெயர் வைப்பீர்கள். கடைச் சாவி செலியாவிடம் இருக்கும். அம்மாவின் தோடு துணி அலமாரியில், மேல் தட்டில். அது உனக்கு.

இந்தக் குளிரில் கடையை மூடிவிட்டு வீட்டுக்கு வந்தால் பேச ஆள் இல்லை. முன்பெல்லாம் ஞாயிறு வரை சேர்த்து வைப்பேன். எதைச் சொல்ல வேண்டும், எதை முதலில் சொல்ல வேண்டும் என்று. நீ கேட்டுக்கொண்டிருந்தாய் என்றே நினைத்திருந்தேன்.

பயமாக இருக்கிறது. இதை உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

எல்வீரா


அசூல் ஆசுபத்திரி, வராந்தா
செப்டம்பர் 9

அக்கா,

இதை நர்ஸ் கையில் கொடுத்தனுப்புகிறேன். உன் வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். “தங்கச்சி வந்திருக்கேன்னு சொல்லுங்க” என்றேன். நர்ஸ் உள்ளே போய்விட்டு வந்து, “தங்கச்சின்னு யாருமே இல்லன்னு சொல்றாங்களேம்மா” என்றாள். எனக்கு அது வேண்டும்தான்.

நீ எழுதிய எதையும் நான் படிக்கவில்லை. பிரிக்காமல் கொண்டுவந்து கொடு என்று டாக்டர் சொல்லியிருந்தார். மூன்றையும் அப்படியே கொடுத்தேன். ஒவ்வொரு தடவையும் “சபாஷ்” என்பார். நாற்பத்து மூன்று வயதில், ஒரு சபாஷுக்காக மூன்று தடவை உன்னைத் தூக்கிக் கொடுத்தேன்.

நேற்று ஆசிரியர்கள் வேலைநிறுத்தம், பள்ளி இல்லை. வீட்டில் இருந்தேன். டாக்டரின் சட்டைகளை ஈரம் தெளித்து மேசையில் வைத்துக்கொண்டு, முதல் தடவையாக அந்த நிகழ்ச்சியைப் போட்டேன். அது நான் கேட்கிற குரலே இல்லை, அக்கா. என் தலைக்குப் பின்னால் மெதுவாகப் பேசுகிறவர், அதில் சர்க்கஸ்காரர் மாதிரி கூவினார். “நேயர்களே, நம்ம கஸ்டம்ஸ்காரி கடைசி ஆயுதத்தை எடுத்துட்டா. என்னன்னு சொல்லுங்க பாப்போம். வயிறு!” என்றார். பிறகு பேப்பர் சரசரக்கும் சத்தம். உன் கடிதத்தை வாசிக்க ஆரம்பித்தார். எலுமிச்சை, ஆரஞ்சு, பழக்கடை. யாரோ ஒருவர் போன் பண்ணி, “பூசணிக்காய் ஆகறதுக்குள்ள லூயிசா தப்பிச்சுடணும் டாக்டர்” என்றார். சிரித்தார்கள்.

செப்டம்பர் எட்டு என்று வாசித்தார். நிமிர்ந்து காலண்டரைப் பார்த்தேன். எட்டாம் தேதி, மதியம். அந்த நிமிஷம் நீ கத்திக்குக் கீழே படுத்திருந்தாய். ரேடியோ சிரித்துக்கொண்டிருந்தது. நான் இஸ்திரிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். தீய்ந்த நாற்றம் வந்த பிறகுதான் பெட்டி பட்டுச் சட்டைமேல் இருப்பது தெரிந்தது. அதை எடுக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. ராமிரோ ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினார். அவர்தான் என்னைப் பஸ் ஏற்றிவிட்டார்.

என்ன கட்டி என்று எனக்குச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். நோயாளி அனுமதிக்கவில்லையாம். கெட்டதா, இல்லையா? அதை மட்டும் சொல்லி அனுப்பு. போய்விடுகிறேன்.

நொயேமி


அதே நாள், பென்சிலால்

கெட்டது இல்லை.

என் கடிதத்தை ரேடியோவில் வாசித்தாளா? என் கடிதத்தையா? அதில் கடைசியாக ஒரு வரி இருந்தது. அதையுமா? ஆமாம், இல்லை என்று மட்டும் நர்ஸிடம் சொல். அப்புறம் நீ உள்ளே வருவதைப் பற்றிப் பார்க்கலாம்.

எ.


புவெனஸ் அயர்ஸ்
செப்டம்பர் 30

அக்கா,

தையல் பிரித்தாயிற்றா? கனமான பெட்டி எதையும் தூக்காதே. செலியாவைத் தூக்கச் சொல்.

அன்றைக்கு நர்ஸிடம் ‘இல்லை’ என்று சொல்லி அனுப்பினேன். பொய். அந்த வரியையும் வாசித்தார். இரண்டு தடவை. இரண்டாவது தடவை குரலை நடுக்கி, உன்னை மாதிரி. நீ உள்ளே கூப்பிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு, “அதை மட்டும் விட்டாளே” என்று சொன்னபோது எனக்கு உண்மையைச் சொல்லத் தெம்பு இல்லை. இப்போது சொல்லிவிட்டேன். திட்டு.

நேற்று அங்கே போனேன். போகவே கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் வியாழன் சாயங்காலம் வந்தால் கால் தானாகவே அந்தப் பஸ் நிறுத்தத்துக்குப் போகிறது. இவ்வளவுக்குப் பிறகும்! ரேடியோவில் கேட்டதைவிட அதுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி. பாதி வழியில் இறங்கிவிடலாமா என்று பார்த்தேன். பிறகு, சரி, போவதுதான் போகிறோம், கடிதங்களைக் கேட்டு வாங்குவோம் என்று நினைத்துக்கொண்டேன்.

வரவேற்பறையில் ஒரு பெண் இருந்தாள், யானினா என்று பெயர். இருபத்திரண்டு வயது இருக்கும். மடியில் ஒரு துணிப்பை. உள்ளே கறுப்பு ஹைஹீல்ஸ், புதிதாகப் பாலிஷ் போட்டிருந்தது.

“உன்னோடதா?” என்றேன்.

“இல்ல, டாக்டரோடது. அடி தேஞ்சிடுச்சு, மாத்திட்டு வந்தேன். வேற யார்கிட்டயும் நம்பிக் குடுக்க மாட்டாங்களாம்.” சொல்லும்போது அவள் முகம் அப்படிப் பளபளத்தது. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

கதவு திறந்தது. டாக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“நொயேமி. நீ வருவன்னு தெரியும்.”

“கடிதத்தை வாங்கிட்டுப் போக வந்தேன் டாக்டர். மூணு கடிதம்.”

“உள்ள வா, படு, பேசலாம்.”

“இங்கயே நிக்கறேன்.”

“அதெல்லாம் உன் சிகிச்சையோட பகுதி.”

“எங்க அக்கா கைப்பட எழுதினது.”

“‘எங்க அக்கா’ங்கும்போது உன் குரல் எப்படி மாறுது, கவனிச்சியா? சின்னப் பொண்ணு மாதிரி…”

“என் குரல் இருக்கட்டும் டாக்டர். கடிதம் எங்க?”

அந்த வீட்டில் நான் இவ்வளவு சத்தமாகப் பேசியதே இல்லை. டாக்டர் யானினாவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: “ரேடியோ ஸ்டேஷன்லயே விட்டுட்டு வந்திருப்பேன். கூட்டறவங்க எடுத்துப் போட்டிருப்பாங்க. நீங்க கிளம்புங்க.”

‘நீங்க.’ இரண்டு வருஷம் துணி தேய்த்துச் சம்பாதித்தது ஒரு நொடியில் போனது. அதுகூடப் பரவாயில்லை. நீ பயந்துகொண்டு எழுதியதை நாடு முழுக்கக் கூவி விற்றவருக்கு, அந்தக் காகிதத்தை எங்கே போட்டோம் என்றுகூட ஞாபகம் இல்லை. “நீ வாம்மா” என்று யானினாவைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

தெருமுனைக் காபிக் கடையில் உட்கார்ந்துவிட்டேன். யானினா வெளியே வந்தாள், பை இல்லாமல். என்னைப் பார்த்ததும் எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறினாள். கொஞ்சதூரம் போய் நின்றாள். திரும்பி வந்து மேசை பக்கத்தில் நின்றாள்.

“மேடம், என் நேரம் பூரா அவங்க உங்களப் பத்தியேதான் பேசினாங்க. உங்க வீட்டுக்காரரு, உங்களுக்குக் குழந்தை நிக்காதது, எல்லாம். நான் கேக்கவே இல்ல மேடம்.” கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “அப்ப, என்னப் பத்தி யார்கிட்ட சொல்லிட்டு இருப்பாங்க?”

நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்கார்ந்தாள். காபி ஆறிப்போகும்வரை அடுத்து என்ன செய்வது என்று பேசினோம்.

திங்கட்கிழமை மனநல டாக்டர்கள் சங்கத்தில் புகார் கொடுக்கப்போகிறோம். யானினா வருவதாகச் சொல்லியிருக்கிறாள். வருவாளா தெரியவில்லை. நான் போவேனா என்பதே ராமிரோவுக்குச் சந்தேகம். லீவு போட்டுவிட்டுக் கூடவே வருகிறேன் என்கிறார். என்மேல் அவருக்கு இன்னும் கோபம் இருக்கிறது. ஆனாலும் வருகிறார்.

அக்கா, வாரா வாரம் போன் வேண்டாம். எனக்குப் பேச வேண்டும்போது நான் கூப்பிடுகிறேன், அப்போது முழுசாகக் கேட்கிறேன். இதை எழுதக் கை நடுங்கவில்லை. இதற்காகவா மூன்று வருஷம் ஒரு சோபாவில் போய்ப் படுத்தேன் என்று இருக்கிறது.

ஒன்று சொல்லு. மூன்றாவது கடிதத்தை நாடே கேட்டுவிட்டது. முதல் இரண்டில் என்ன எழுதியிருந்தாய்? டாக்டருக்குத் தெரியும். குப்பை கூட்டுகிறவர் பிரித்துப் பார்த்திருந்தால் அவருக்கும் தெரிந்திருக்கும். எனக்குத்தான் தெரியாது.

நொயேமி